பாகம் பிரித்த துப்பாக்கி

என் மாமனார் தொலைபேசியில் அழைத்தால் முதலில் என் உடம்பைப் பற்றிக் கேட்பார். அடுத்து பேத்தியின் படிப்பு. அதற்கடுத்து திருப்பூரில் மழை உண்டா என்பது. விஷயம் கடைசியில்தான் வரும். அன்று எடுத்த எடுப்பிலேயே விஷயம் வந்தது.

"மாப்ள, போலீசுக்குத் தெரிஞ்சுபோச்சுங்க. உடனே பொறப்பட்டு வாங்க."

"என்ன தெரிஞ்சுபோச்சுங்க மாமா?"

"அது போன்ல பேசற விசியமில்லீங்க!" என்று கத்தினார்.

கத்தியதில் எனக்கு ஆச்சரியமில்லை. சாமளாபுரத்தில் அவர் வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கூடம். நாள் முழுக்கத் தறிச் சத்தத்துக்குள் இருப்பவர்களுக்கு ரகசியத்தையும் கத்தித்தான் சொல்லத் தெரியும்.

நான் அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூத்துக்குடிக்குப் போக வேண்டிய பெட்டிகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். எந்தப் பெட்டி முதலில் ஏற வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் இரண்டு முறை சொல்லிவிட்டு, மொபெட்டை எடுத்துக்கொண்டு மங்கலம் வழியாகக் கிளம்பினேன். அவர் என்ன குற்றம் செய்திருக்க முடியும் என்று வழியெல்லாம் ஒவ்வொன்றாக யோசித்தேன். மின்சாரத் திருட்டு இல்லை; மீட்டரை நானே பார்த்திருக்கிறேன். சாராயம் இல்லை, டீயிலேயே சர்க்கரை கம்மியாகக் கேட்பவர். வருடா வருடம் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துப் பழனிக்கு நடப்பவர். வீடு வந்து சேரும்வரை எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

என்னைப் படுக்கையறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். சாத்திய கதவுக்குள்ளும் தறி ஓடும் சத்தம் கேட்டதால், ரகசியத்தைக் கத்தினார்.

காலையில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று தெருவில் வந்ததாம். உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் மாதக் கடைசிக்குள் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டால் வழக்கு கிடையாது. அதற்குப் பிறகு சோதனையில் பிடிபட்டால் கைது என்று அறிவித்துக்கொண்டே போனதாம்.

"சரிங்க மாமா, அதுக்கும் நமக்கும் என்னங்க?"

"இன்னும் கேளுங்க. 'துப்பாக்கிகளையோ, துப்பாக்கியின் பாகங்களையோ'ன்னு சொன்னானுங்க. பாகம்னு சொன்னானுங்க மாப்ள! நாங்க பாகம் பிரிச்சது போலீசுக்கு எப்படீங்க தெரியும்?"

அப்போதும் எனக்குப் புரியவில்லை. கட்டிலில் உட்காரவைத்து விளக்கினார். கல்யாணமாகி அத்தனை வருடம் கழித்து அன்றுதான் இந்தக் கதை என் காதுக்கு வந்தது.

அவருடைய அப்பாவுக்குக் கணியூர்ப் பக்கம் கொஞ்சம் கரும்புக் காடு இருந்திருக்கிறது. காவலுக்கு ஒரு நாட்டுத் துப்பாக்கி, வாய் வழியாகக் கருமருந்து கெட்டித்துச் சுடுகிற வகை. காட்டை விற்றுத் தறி வாங்கி இங்கே வந்தபோது அண்டா குண்டாவோடு துப்பாக்கியும் வந்துவிட்டது. அப்பா காலமானதும் மாமனாரும் அவருடைய தம்பியும் சொத்தைப் பாகம் பிரித்தார்கள். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் காலையிலிருந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிபாதியாக்கினார்கள். தறிகளைப் பிரித்தாயிற்று. வீட்டுக்கு நடுவில் சுவர். கிணற்றில் முறைவைத்துத் தண்ணீர். வாசலில் போகிற தடம் மட்டும் பொது. கடைசியாகத் துப்பாக்கி மிஞ்சியது. அண்ணனும் விடவில்லை, தம்பியும் விடவில்லை. சாப்பாட்டு நேரம் தாண்டிக்கொண்டிருந்ததால் ஒரு பெரியவர் எழுந்து தீர்ப்புச் சொன்னார்: குழல் மூத்தவருக்கு, கட்டை இளையவருக்கு. எல்லோரும் நியாயம்தான் என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து இருவரும் நிம்மதியாகத்தான் இருந்திருக்கிறார்கள். உரிமம் என்ற யோசனையே இருவருக்கும் வரவில்லை. அரைத் துப்பாக்கிக்கு யார் உரிமம் வாங்குவார்கள்?

"உங்க பாகம் எங்கீங்க மாமா?"

அவர் தறிக்கூடத்துக்குப் போய் ஒரு இரும்புக் குழாயோடு திரும்பி வந்தார். தறி ரிப்பேர் பார்க்கும் ஃபிட்டர் பின்னாலேயே வந்தார். அந்தக் குழாய் எனக்கு நன்றாகத் தெரிந்த குழாய். இறுகிப்போன நட்டைக் கழற்ற, ஸ்பேனரின் பிடியில் சொருகி நீளம் கூட்டிக்கொள்வார்கள். என் மொபெட்டின் வளைந்த ஸ்டாண்டை ஒருமுறை அதைக் கொண்டு நானே நிமிர்த்தியிருக்கிறேன்.

"ஏனுங்க, இதை எடுத்துட்டா தறியில பாவு சுத்தற பீம் நட்டை நான் பல்லுலயா கழட்டறது?" என்றார் ஃபிட்டர்.

"வேற குழாய் வாங்கித் தர்றேன், போ" என்று மாமனார் அவரை விரட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அவன்தானுங்க மாப்ள. சொவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறவன். பாகம்கற வார்த்தை போலீஸ்காரன் வாயில தானா வருமுங்களா? இவன் போய்ச் சொல்லியிருக்கான்."

அந்தச் சுவர் எழுந்த நாளிலிருந்து அண்ணன் தம்பி பேசிக்கொள்வதில்லை. பாகம் என்றால் உதிரிபாகம், நட்டு, திருகாணி மாதிரி, அறிவிப்பில் அதைத்தான் சொன்னார்கள் என்று நான் எடுத்துச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"நீங்க படிச்சவிய, அப்படித்தான் சொல்லுவீங்க. நாளைக்கு வெலங்கு மாட்டித் தெருவுல கூட்டிட்டுப் போவாங்க. காவடி எடுத்த தோள் மாப்ள இது."

சொல்லிக்கொண்டே அந்தத் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அதன்பிறகு இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. அன்றைய நாட்குறிப்பில் 'மாமா வீடு. குழாய்' என்று மட்டும் எழுதினேன். மற்ற வார்த்தையை எழுதக் கை வரவில்லை.

மறுநாள் நான் மட்டும் காவல் நிலையத்துக்குப் போனேன். முதலில் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்வது நல்லது என்று எண்ணினேன். ரைட்டர் தெற்கத்திக்காரர். எழுத்து வேலை முழுக்க அவர் கையில்தான் இருந்தது.

"சார், எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் ஊட்டுல..."

"இந்த வாரம் வந்த எல்லாருக்கும் தெரிஞ்சவருதான் வச்சிருக்காரு. சொல்லுங்க, மாமனாரா, மச்சானா?"

"மாமனாருங்க."

"எத்தனை?"

"அரைங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நான் குழல், கட்டை, பெரியவர்கள், பந்தி எல்லாவற்றையும் வரிசைப்படி சொன்னேன். அவர் கேட்டு முடித்ததும் சொன்னார்: "குழலை மட்டும் குடுத்தாலும் வாங்கிக்கிடுவோம். ஆனா மீதி எங்கன இருக்குன்னு எழுதிக் குடுக்கணும். எழுதினா நாங்க அங்க போய்ச் சோதனை போடணும். முழுசாக் கொண்டாங்க, ஒரு கேள்வி கிடையாது."

இதை அப்படியே மாமனாரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் முகம் முதலில் மலர்ந்தது. "அப்ப அவன் பேரை எழுதிப்போட்டா, ஊட்டுக்குப் போலீசு வருமுங்களா?"

மாமியார் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். "எழுதுங்க, நல்லா எழுதுங்க. உங்க தம்பியைப் புடிச்சு வெச்சுட்டா கோயில் நோம்பியன்னிக்கு யாரைப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்குவீங்க?"

மாமனார் ரசத்தைக் குடித்து முடித்தார். பிறகு, "மாப்ள, நீங்களே போய் அவன்கிட்டப் பேசுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றார்.

பொதுத் தடம் வழியாகச் சுற்றிக்கொண்டு சின்ன மாமனார் வீட்டுக்குப் போனேன். பகலிலேயே கதவு சாத்தியிருந்தது. என் குரல் கேட்ட பிறகுதான் திறந்தார்.

"வாங்க மாப்ள. உங்க மாமனார் செஞ்ச வேலையைப் பாத்தீங்களா? பாகம் பிரிச்சதைப் போலீசுக்குச் சொல்லிப்போட்டாரே!"

"அவருங்களா?"

"வேற யாருங்க? அன்னிக்கு ஆட்டோவுல பேர் சொல்லாததுதான் பாக்கி. இந்த ஊர்ல துப்பாக்கியப் பாகம் பிரிச்சது நாங்க ரெண்டு பேருதானுங்களே!"

உதிரிபாகம், திருகாணி என்று மறுபடியும் ஆரம்பித்தேன். அவர் காதில் வாங்கவில்லை. சாமி அறைக்குக் கூட்டிப்போனார். முருகன் படத்துக்குப் பக்கத்தில், மஞ்சள் துணியில், சந்தனமும் குங்குமமும் வைத்து அவருடைய பாகம் இருந்தது. மரக்கட்டை, அதில் விசை. வருடம் தவறாமல் ஆயுத பூஜைக்குப் பொரி படைத்து வருகிறாராம்.

"நான் இதைச் சாமியா வெச்சுக் கும்பிடறேன். அங்க என்னடான்னா அதுல நட்டு கழட்டறாங்க. கேட்டா மூத்தவரு."

ஒப்படைக்க அவருக்கும் சம்மதம்தான். பயம் அவருக்கும் இருந்தது. ஆனால் கட்டை தன் கையை விட்டு வேறு யார் கைக்கும் போகாது, தானே கொண்டுவந்து கொடுப்பதாகச் சொன்னார். எனக்குள் இன்னொரு கவலை கிளம்பியது. இத்தனை வருடம் நட்டு கழற்றிய குழலும், இத்தனை வருடம் சந்தனம் பூசிய கட்டையும் இன்னும் ஒன்றோடொன்று சேருமா? சேராவிட்டால், இவை இரண்டு வேறு துப்பாக்கிகளின் பாதிகள், மீதிப் பாதிகளை ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று ரைட்டர் நினைக்க மாட்டாரா? அதனால் ஒருமுறை பொருத்திப் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று.

எங்கே பொருத்துவது என்பதற்கே ஒரு சாயங்காலம் போய்விட்டது. யார் வீட்டில் அது முழுத் துப்பாக்கி ஆகிறதோ அந்த வீட்டுக்காரர் துப்பாக்கி வைத்திருந்தவர் ஆகிவிடுவார் அல்லவா? இரண்டு பேரும் தங்கள் வாசலுக்குள் விட மறுத்தார்கள். கடைசியில் பொதுத் தடத்தில் ஒரு கோணிச் சாக்கை விரித்தோம். மாமனார் தன் பக்கம் நின்றார், சின்ன மாமனார் தன் பக்கம் நின்றார். நானும் ஃபிட்டரும் நடுவில் குந்தியிருந்தோம். கையை நீட்டினால் தொட்டுக்கொள்கிற தூரத்தில் நின்றுகொண்டு இருவரும் என் மூலமாகப் பேசினார்கள்.

"மாப்ள, குழலைப் பாத்துப் புடிக்கச் சொல்லுங்க. எங்கப்பன் தொட்ட குழல்."

"மாப்ள, அதைச் சொல்றவிய அதுல ஆயில் தொடச்சதை நான் பாத்துருக்கறேன்னு சொல்லுங்க."

குழல் கட்டையில் சரியாகத்தான் உட்கார்ந்தது. ஆனால் இரண்டையும் பிணைக்கிற ஆணி இல்லை. அது யார் பாகத்தில் சேர்ந்தது என்று ஒரு சர்ச்சை தொடங்கியது. நான் சட்டைப்பையில் துழாவினேன். கம்பெனியில் சாம்பிளுக்கு வெட்டிக் கொடுத்த இடுப்பு எலாஸ்டிக் கொஞ்சம் கிடைத்தது. அதைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். கட்டுகிற அவசரத்தில் குழல் புரண்டு தலைகீழாகிவிட்டது. அதைத்தான் மாமனார் தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னார். அவர் வாயைத் திறந்த கணத்தில் கரண்ட் போயிற்று. தெருவில் இருந்த எல்லாத் தறிகளும் ஒன்றாக நின்றன. அந்த அமைதியில் அவர் குரல் மட்டும் கணீரென்று கேட்டது.

"துப்பாக்கியத் திருப்பிப் புடிங்க!"

எதிர்வீட்டு மதிலுக்கு மேலே ஒரு தலை முளைத்தது. "என்னங்கக்கா, துப்பாக்கியா?"

"தூக்குப்போசிங்க!" என்றார் மாமியார், வாசலில் நின்றபடி. தூக்குவாளிக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். "தூக்குப்போசியத் திருப்பிப் புடிக்கச் சொன்னாரு. காதுல என்ன பஞ்சா வெச்சிருக்கீங்க?"

தலை இறங்கியது. நான் சாக்கைப் பார்த்தேன். அதுவரை அந்தத் தெருவில் இரண்டு பேரிடம் ஆளுக்கு அரைத் துப்பாக்கி இருந்தது. இப்போது ஒரு முழுத் துப்பாக்கி இருந்தது. அது என் மடியில் இருந்தது. உரிமம் இல்லாமல் வைத்திருப்பதைவிட உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது பெரிய குற்றமாகத்தான் இருக்க வேண்டும். எலாஸ்டிக்கை அவிழ்த்து, குழலை மாமனாரிடமும் கட்டையைச் சின்ன மாமனாரிடமும் கொடுத்துவிட்டு எழுந்தேன். ஃபிட்டர் அதற்குள் மாயமாகியிருந்தார்.

மறுநாள் காலையில் குழலை அளந்து, அதற்கு வாகான ஒரு அட்டைப் பெட்டி கம்பெனியிலிருந்து கொண்டுவந்தேன். குழலைத் துடைத்து, பாலிதீன் உறைக்குள் போட்டு, ஆடாமல் இருக்க வெட்டுத்துணி வைத்து, டேப் ஒட்டினேன். வேறு விதமாகப் பேக் செய்ய எனக்குத் தெரியாது. மாமனார் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என் மொபெட்டில் வந்தார். சின்ன மாமனார் கட்டையை மஞ்சள் பையில் போட்டுத் தனியாகப் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். பையிலிருந்து கட்டையின் கால் பாகம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தேங்காய் பழத்தோடு கோயிலுக்குப் போகிறவர் மாதிரி அதைப் பிடித்திருந்தார்.

ரைட்டர் பெட்டியின் மேல் அச்சடித்திருந்ததைப் படித்தார். "ஆண்கள் பனியன், பெரிய சைஸ். இதுக்கு நான் எதுக்குய்யா?"

பிரித்து, பொருத்தி, எலாஸ்டிக் கட்டி மேசைமேல் வைத்தேன். அவர் எலாஸ்டிக்கை விரலால் இழுத்துவிட்டுப் பார்த்தார்.

"இது ஜட்டி எலாஸ்டிக் இல்ல?"

"எக்ஸ்போர்ட் குவாலிட்டிங்க" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

அவர் பதிவேட்டைத் திறந்தார். "சரி, இது யாரது?"

"பாதி என்றதுங்க" என்றார் மாமனார்.

"மீதி என்றதுங்க" என்றார் சின்ன மாமனார். "அதுவும் விசை இருக்கற பாதிங்க. அது இல்லீன்னா வெறும் குழாய்தானுங்க சார். நட்டு கழட்டத்தான் ஆகும்."

"மாப்ள, குழல் இல்லாம விசைய அமுக்கி என்ன கொசுவையா சுடறதுன்னு கேளுங்க."

"மாப்ள, ஆயுதம்னு கும்பிட்டது நான்தான்னு சொல்லுங்க."

ரைட்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏங்க, இங்க வாரவன் பூராவும் என்னுது இல்ல, என்னுது இல்லன்னு சத்தியம் பண்ணுதான். நீங்க ரெண்டு பேரும் என்னுது, என்னுதுன்னு சண்டை போடுதீகளே! முழுத் துப்பாக்கியும் ஒரு பேர்லதான் எழுதணும். யாரு பேரு?"

மாமனார் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பெருமூச்சு விட்டார். பிறகு, இந்த ஸ்டேஷன் வாசலை நினைத்தே தூக்கம் கெட்டிருந்த அந்த மனிதர், "என்ற பேரே எழுதிக்குங்க சார். அவனுக்கு ரத்தக்கொதிப்பு. அவன் பேரு போலீஸ் புஸ்தகத்துல வேண்டாம்" என்றார்.

எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. சின்ன மாமனாருக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை.

"கேட்டீங்களா மாப்ள, கேட்டீங்களா! அப்பன் துப்பாக்கி முழுசையும் தன்ற பேருக்கு எழுதிக்கறாரு. பெரியவிய உக்காந்து பிரிச்ச பாகத்தை ஸ்டேஷன்ல வெச்சு மாத்தறாரு!"

"எழுதிக்கிட்டா பட்டாவா குடுக்கப் போறோம்?" என்றார் ரைட்டர்.

மாமனாருக்கு முகம் சிவந்துவிட்டது. என்னை விலக்கிக்கொண்டு தம்பியின் எதிரில் நேராகப் போய் நின்றார். "ஏன்டா, உன்னைக் காப்பாத்தப் பாத்தா என்னையே சொல்றியா? நீதானடா இங்க வந்து பாகம் பிரிச்சதைச் சொன்னே!"

"நானாண்ணா? நீங்கதானுங்களே சொன்னீங்க!"

"யாரு சொன்னா, என்னத்தச் சொன்னா?" ரைட்டர் எழுந்தே விட்டார். "எங்களுக்கு ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலய்யா. ஆட்டோவுல சொன்னது எல்லா ஊருக்கும் ஒரே அறிவிப்பு. பாகம்னா பார்ட்ஸ்! உங்க பாகப்பிரிவினையே உங்க மருமவன் வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்."

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

மாமனார்தான் முதலில் பேசினார். "நெசமா நீ சொல்லலியா?"

"நான் எதுக்குண்ணா சொல்றேன்? நீங்களும் சொல்லலீங்களா?"

"நான் எதுக்குடா சொல்றேன்."

ரைட்டர் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். துப்பாக்கியின் சொந்தக்காரராக அவர்களுடைய காலஞ்சென்ற தகப்பனாரையே போட்டார். அவருடைய மகன்கள் இருவரும் சேர்ந்து, தாங்களாகவே வந்து ஒப்படைத்தார்கள், இவர்கள்மேல் வழக்கு இல்லை என்று எழுதி வாசித்துக் காட்டினார். மாமனார் அந்தக் கடைசி வார்த்தைகளை இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகுதான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

"கடைசியா ஒரு கேள்வி. கேட்டாகணும்" என்றார் ரைட்டர். "இதை வச்சு யாரையும் சுட்டதுண்டா?"

"அய்யோ, இல்லீங்க. எங்கப்பன் ஒரே ஒரு தடவை சுட்டாருங்க. கரும்புக் காட்டுல, ஒரு பன்னியை" என்றார் மாமனார்.

"பன்னி இல்லீங்க சார்," என்றார் சின்ன மாமனார். "பக்கத்துக் காட்டுக்காரரோட எருமை."

"பன்னிடா."

"எருமைண்ணா. நான்தானே கூட இருந்தேன். அடி படவும் இல்ல. சத்தத்துக்கே ஓடிப்போச்சு."

"நீ அப்ப பொடியன். உனக்கு என்ன தெரியும்?"

ரைட்டர் பதிவேட்டை மூடினார். "நான் ஒண்ணும் கேக்கல. கெளம்புங்க."

வெளியே வந்து மொபெட்டைக் கிளப்பி, பின்னால் ஏறச் சொல்லி மாமனாரைக் கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தம்பியோடு பேசிக்கொண்டே பஸ் நிறுத்தம்வரை நடந்தார். நான் வண்டியை உருட்டிக்கொண்டு பின்னால் போனேன். பல்லடத்திலிருந்து சாமளாபுரம் போகிற தனியார் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வந்து நின்றது. இருவரும் முன்வாசல் வழியாக ஏறி ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். டிக்கெட் யார் எடுப்பது என்று கண்டக்டரிடம் ஒரு சின்னத் தகராறு நடந்தது.

பஸ் புறப்படும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சின்ன மாமனார் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே வளைத்துக் கொம்பு காட்டிக்கொண்டிருந்தார். மாமனார் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்.